கயிறும் மணியும்
நாட்பட்ட நோவும் அதன் சிகிச்சைமுறைகளும் குறித்துச் சில விமர்சனக் குறிப்புகள்

1

போன வருடம் மாரியில், என்னோடு ஒரே பகுதியில் பெட்டி அடுக்கும் ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளனாக வைத்தியசாலையொன்றின் நோச் சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருந்தேன். 2009இல் வன்னியில் தொடையில் ஷெல் துண்டு பாய்ந்தவர். காயம் ஆறி வருடங்களாகிவிட்டன. பாதம் ஆறவில்லை. என்ன செய்கிறது என்று வைத்தியர் கேட்டார். அவர் சொன்னது இது:

"எரியுது மாஸ்ரர். தணலுக்கை கால வைச்ச மாதிரி. இடைக்கிடை கறண்ட் அடிக்கும். மற்ற நேரத்திலை விறைச்சுப்போய்க் கிடக்கும், ஆனா போர்வை பட்டாலே உயிர் போகும்."

நான் பிரெஞ்சில் சொன்னது: இவருக்குக் கால் நோகிறது, கடுமையாக நோகிறது.

ஊரில் மெய்யியல் விரிவுரையாளனாக இருந்தவன் நான். 'சொல்லும் பொருளும்' என்று வகுப்பெடுத்தவன். அந்த மனிதர் தந்த நான்கு சொற்களை ஒன்றாக்கிக் கொடுத்தேன். பிரெஞ்சில் அச்சொற்கள் இல்லாமலில்லை. என்னிடம் இருந்தது தொழிற்சாலைப் பிரெஞ்சு. அதில் நோகிற எல்லாமே 'மல்' தான். ஷெல் காயத்தைப் பற்றி வைத்தியர் கேட்கவில்லை. பழைய கதை என்று நானும் சொல்லவில்லை. பெட்டி தூக்கும் ஆள், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நோ என்று முடிவாகி, முள்ளந்தண்டில் ஸ்ரெரொயிட் ஊசி போடப்பட்டது. பலனில்லை. சில கிழமைகளில் தொழிற்சாலையில் எம்மவர் மத்தியிலேயே கதை பரவிற்று: முதுகெலும்புக்கை ஊசி போட்டும் நோகுதெண்டால் அது நடிப்புத்தான்.

இந்தக் கடைசி வசனமே இக்கட்டுரைக்குக் காரணம். ஓர் ஊசி தோற்றால் அது எதை நிரூபிக்கிறது? சிகிச்சையின் தோல்வியை நோயாளியின் பொய்யாக மாற்றிவிடும் இந்தத் தர்க்கம் எங்கிருந்து வருகிறது? இது எம்மவரின் அறியாமை மட்டுமே என்று நான் முதலில் நினைத்தேன். பின்னர் தேடி வாசித்தபோது, நோச் சிகிச்சையின் வரலாற்றுக்குள்ளேயே இத்தர்க்கம் குடியிருப்பதைக் கண்டேன்.

2

டேக்கார்ட்டின் 'மனிதன்' என்ற நூல் அவர் இறந்து பதினான்கு வருடங்களின் பின் 1664இல் பிரெஞ்சில் வெளிவந்தது. அதிலுள்ள ஒரு படம் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு சிறுவனின் பாதத்துக்கு அருகே நெருப்பு. பாதத்திலிருந்து மூளைவரை ஓர் இழை. நெருப்பு இழையின் ஒரு நுனியை இழுக்கிறது, கயிற்றை இழுத்ததும் கோயில் மணி அடிப்பதுபோல மறுநுனியில், மூளையில், ஒன்று நிகழ்கிறது. இந்த டேக்கார்ட்டை நான் பல வருடங்கள் கற்பித்தேன். 'நான் சிந்திக்கிறேன்' என்பதில் நாம் காட்டிய அக்கறையை இந்தக் கயிற்றில் காட்டவில்லை. ஆனால் மெய்யியலைவிட்டு வைத்தியசாலைக்குள் நுழைந்தது கயிறுதான்.

கயிறும் மணியும் என்ற இந்த உருவகத்தின் விளைவுகள் இரண்டு. முதலாவது: மணி அடிக்கிறதென்றால் எங்கோ யாரோ கயிற்றை இழுக்கவேண்டும். இழுப்பவர் இல்லையென்றால் மணியோசையும் பொய். இரண்டாவது: மணியை நிறுத்தக் கயிற்றை அறுத்தால் போதும். முதலாவது நோயாளியைச் சந்தேகிப்பதற்கான அனுமதி. இரண்டாவது கத்திக்கான அனுமதி. இரண்டும் ஒரே படத்திலிருந்து பிறந்தவை.

3

இந்தப் படத்தை முதலில் தொந்தரவுசெய்தவர்கள் போர்க்காயக்காரர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஃபிலடெல்ஃபியாவில் நரம்புக் காயங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட வைத்தியசாலையொன்றில் வெயர் மிற்செல் என்ற வைத்தியரும் அவரது இரு சகாக்களும் அவதானித்தவற்றை 1864இல் நூலாக வெளியிட்டார்கள். குண்டு பாய்ந்த இடம் ஆறியபின்னும் கையிலோ காலிலோ தணலாய் எரியும் ஒரு நோ. அதற்குக் 'கோசல்ஜியா' என்ற பெயரை மிற்செல் பின்னர் இட்டார். அந்தச் சிப்பாய்கள் எரியும் கையை எந்நேரமும் ஈரத்துணியால் சுற்றி வைத்திருந்தார்கள். சிலர் சப்பாத்துக்குள்ளேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். பக்கத்தில் ஒருவர் நடக்கும் அதிர்வும் பத்திரிகை சரசரக்கும் சத்தமும்கூட அவர்களைத் துடிக்கவைத்தன.

இதை வாசித்தபோது எனக்கு உறைத்தது. என் சகதொழிலாளி இடைவேளையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, நனைத்த துவாயைப் பாதத்தில் சுற்றிக்கொண்டு இருப்பார். விசித்திரமான பழக்கம் என்று இரண்டு வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றறுபது வருடங்களுக்கு முந்திய ஒரு நோய்க்குறி என் கண்முன்னே இருந்திருக்கிறது.

மிற்செலின் சிப்பாய்களிடம் கயிற்றை இழுக்க நெருப்பு எதுவும் இல்லை. காயப்பட்ட நரம்பே தானாக எரிந்துகொண்டிருந்தது. அவர்களுக்குப் பின் வந்தவர்கள் கயிற்றைக் கைவிடவில்லை. அதை மேலே மேலே போய் அறுத்தார்கள். 1912இல் ஸ்பில்லர், மார்ற்றின் இருவரும் முண்ணாணின் முன்பக்கவாட்டுப் பாதையை வெட்டும் சத்திரசிகிச்சையை அறிவித்தார்கள். 1940களில் அறுவை மூளையின் முன்மடல்வரை போயிற்று. முன்மடல் வெட்டப்பட்ட நோயாளிகள் பலர், நோ இருக்கிறது, ஆனால் அது இப்போது தம்மை அலைக்கழிப்பதில்லை என்றார்கள். அலைக்கழியக்கூடிய மனிதரே அங்கு வெட்டப்பட்டிருந்தார் என்பதைச் சொல்ல யாருக்கும் அவசரமிருக்கவில்லை.

வெட்டியவர்கள் கொடியவர்களல்லர். சுவாசப்பையின் உறையில் புற்று வந்து இறந்துகொண்டிருப்பவருக்கு முண்ணாண் பாதையை ஊசிமுனையால் சுட்டுத் தரும் நிம்மதி உண்மையானது. அதனால்தான் அம்முறை இன்றும் சில இடங்களில் உயிரோடிருக்கிறது. ஆனால் நீண்டகாலம் வாழவேண்டியவர்களிடம் நோ பெரும்பாலும் மாதங்களிலோ ஒருசில வருடங்களிலோ திரும்பி வந்தது. சிலரில் அதைவிட மோசமான ஒன்று வந்தது: தொட்டால் எதுவும் தெரியாத மரத்த இடத்திலேயே ஓயாத நோ. கயிறு அறுந்தபின்னும் மணி அடித்தது.

பிரெஞ்சு சத்திரசிகிச்சை நிபுணர் றெனே லெரிஷ் இதை நேரில் கண்டவர். முதலாம் உலகப்போரின் காயக்காரர்களோடு வேலைசெய்தவர். 1937இல் வெளிவந்த 'நோவின் சத்திரசிகிச்சை' என்ற நூலில், ஆய்வுகூடத்தில் ஊசியால் குத்தி அளக்கும் நோவும் மனிதன் வாழ்ந்து அனுபவிக்கும் நோவும் ஒன்றல்ல என்றும், நாட்பட்ட நோ வேறொரு நோயின் அறிவிப்பல்ல, தானே ஒரு நோய் என்றும் வாதிட்டார். எம்மில் பலர் விரும்பி வாசிக்கும் ஃபூக்கோவின் ஆசான்களில் ஒருவரான கங்கிலெம் தனது 1943ஆம் ஆண்டு ஆய்வில் லெரிஷை விரிவாக எடுத்தாள்கிறார். எங்கள் 'அதிகாரம்–உடல்' விவாதங்களின் முன்னோர் வரிசையில் ஒரு நோ வைத்தியரும் இருக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது.

4

1965இல் மெல்சாக், வோல் இருவரும் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரை கயிற்றுக்குப் பதிலாகக் கதவொன்றை வைத்தது. முண்ணாணில் ஒரு படலை இருக்கிறது. தொடுகையைக் காவும் தடித்த நரம்பிழைகள் அதைச் சாத்துகின்றன, நோவைக் காவும் மெல்லிய இழைகள் திறக்கின்றன, மேலிருந்து மூளையும் கைவைக்கிறது. அடிபட்ட இடத்தை நாம் தேய்ப்பது ஏன் சுகமாயிருக்கிறது என்பதற்கு இதில் பதில் இருந்தது. படலையின் நுணுக்கங்கள் பல பின்னர் திருத்தப்பட்டன. ஆனால் நோ என்பது வெறுமனே 'வந்துசேரும்' ஒன்றல்ல, வழியிலே ஆக்கப்படுவது என்ற கருத்து நிலைத்துவிட்டது.

இரண்டு வருடங்களில் படலையும் கருவியாயிற்று. 1967இல் அமெரிக்காவில் நோர்மன் ஷீலி, புற்றுநோயாளி ஒருவரின் முண்ணாணுக்குப் பின்புறம் மின்முனையொன்றைப் பொருத்தினார். இன்றுள்ள முண்ணாண் தூண்டிகள் அதன் பிள்ளைகள்: முதுகெலும்புக்குள் மெல்லிய கம்பி, தோலுக்குக்கீழ் பற்றறி. வெட்டுவதிலிருந்து தூண்டுவதற்கு வந்தது ஒரு முன்னேற்றமே, பிடிக்காவிட்டால் கழற்றலாம். ஆனால் கயிறு–மணிச் சிந்தனை போய்விட்டதா?

5

இன்று நாட்பட்ட முதுகு நோவோடு ஒருவர் போனால் அவருக்குப் பலவிடங்களில் என்ன நடக்கிறதென்று பார்ப்போம். முதலில் ஒரு 'பரீட்சை ஊசி': சந்தேகிக்கப்படும் நரம்புக்கு அருகே விறைப்பு மருந்து. நோ குறைந்தால் குற்றவாளி அந்த நரம்பே என்று தீர்ப்பு. அடுத்து றேடியோ அலைச் சூடு: ஊசிமுனையை 80 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி அந்த நரம்பைச் சுடுவது. நரம்பு மீள வளர்வதால் பின்னர் திரும்பவும் சுடுவது. தர்க்கம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அதன் முடிவு என்ன?

நெதர்லாந்தில் 681 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2017இல் வெளியான மூன்று பரிசோதனைகளில், பரீட்சை ஊசியில் 'ஆம்' என்று வந்தவர்களுக்கே சூடு வைக்கப்பட்டது. உடற்பயிற்சித் திட்டத்தோடு சூட்டையும் பெற்றவர்களுக்கும் பயிற்சியை மட்டும் பெற்றவர்களுக்கும் இடையில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. ஆட்களைத் தெரிவுசெய்த விதம் இறுக்கமாக இல்லை, ஒரேயொரு பரீட்சை ஊசி போதாது என்று சூடு வைக்கும் வைத்தியர்கள் மறுத்தார்கள். இந்த மறுப்பில் நியாயமுண்டு. ஆனால் அது அவர்களையே திருப்பிக் கேட்கிறது: ஒரு ஊசி போதாதென்றால், நாளாந்தம் ஒரு ஊசியை நம்பித் தீர்ப்பு எழுதப்படும் இடங்களை என்னவென்பது?

தூண்டியின் கதை இன்னும் சுவாரசியமானது. பழைய தூண்டி வேலைசெய்யும்போது உடலில் மினுமினுப்பு ஒன்று தெரியும். ஆகவே இயங்குகிறதா நிற்கிறதா என்பதை நோயாளியிடம் மறைக்கமுடியாது. நம்பிக்கையின் பங்கு எவ்வளவு, மின்சாரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கமுடியாது. மினுமினுப்பே தெரியாத புதியவகைத் தூண்டல் வந்ததும் அது சாத்தியமாயிற்று. நோர்வேயில், முதுகுச் சத்திரசிகிச்சைக்குப் பின்னும் கால் நோ மாறாத 50 பேருக்குத் தூண்டி பொருத்தி, மும்மாதத்துக்கு ஒருமுறை அவர்களுக்குத் தெரியாமல் இயக்கியும் நிறுத்தியும் பார்த்தார்கள். 2022இல் வெளியான முடிவின்படி, 100 புள்ளி கொண்ட இயலாமை அளவுகோலில் இயங்கும்போது கிடைத்த முன்னேற்றம் 10.6, நிறுத்தியிருந்தபோது 9.3. அதாவது, பெட்டி இயங்காதபோதும் மனிதர் ஓரளவு தேறியிருக்கிறார்.

2025 பெப்ரவரியில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் ஒரு வழிகாட்டி வெளிவந்தது. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட, புற்றுநோயோடு தொடர்பற்ற முதுகெலும்பு நோவுக்கு ஸ்ரெரொயிட் ஊசி, மூட்டு ஊசி, றேடியோ அலைச் சூடு முதலிய வழமையான முறைகளைச் செய்யவேண்டாம் என்று அது வலுவாகப் பரிந்துரைத்தது. நிபுணர் சங்கங்கள் சில கடுமையாக எதிர்த்தன. விவாதம் முடிந்துவிட்டதென்று நான் சொல்லவரவில்லை. கேட்பது இதுதான்: பெட்டி நின்றபோதும் ஒருவர் தேறினால் அவரது நோ பொய்யா? அப்படியாயின் நோர்வேயின் ஐம்பது பேரும் நடிகர்களே. கயிறு–மணித் தர்க்கத்தில் நின்றால் இந்த முட்டாள்தனமான முடிவுக்குத்தான் வரவேண்டும். நோ வழியிலே ஆக்கப்படுவது என்று ஏற்றுக்கொண்டால், கவனிப்பும் எதிர்பார்ப்பும் அதைக் குறைப்பதில் வியப்பில்லை. ஊசி போட்டும் குறையாததில் குற்றமும் இல்லை. சர்வதேச நோ ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய தன் வரைவிலக்கணத்தோடு சேர்த்த குறிப்புகளில், நோகிறது என்று ஒருவர் சொல்வது மதிக்கப்படவேண்டும் என்கிறது. சொல்லமுடியாமலிருப்பது நோ இல்லையென்பதாகாது என்றும் அதே குறிப்புகளில் இருக்கிறது.

6

அப்படியானால் எல்லாச் சிகிச்சைமுறையும் ஏமாற்றா? இல்லை. எம்மவரில் ஒரு சாரார் ஊசியில் தெய்வத்தைக் காண்பதும், இன்னொரு சாரார் 'மேற்கத்தைய மருத்துவம் கொம்பனிகளின் சதி' என்று முடித்துவிடுவதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். எது எங்கே வேலைசெய்கிறது என்று பார்ப்பதுதான் விமர்சனம்.

முகத்தில் மின்னல் வெட்டுவதுபோல வரும் முக்கிளை நரம்பு நோவை எடுத்துக்கொள்வோம். பலரில், மூளையின் அடியில் ஒரு இரத்தக்குழாய் நரம்பின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும். 1960களின் இறுதியிலிருந்து ஜனெற்றா என்ற அமெரிக்கர் செம்மைப்படுத்திய சத்திரசிகிச்சையில் அந்தக் குழாயை விலக்கி இடையில் ஒரு சிறு ரெஃப்லோன் துண்டை வைக்கிறார்கள். பத்து வருடங்களின் பின்னும் பெரும்பான்மையினர் சுகமாயிருக்கிறார்கள். எங்களில் கனபேருக்குத் தெரிந்த மணிக்கட்டு நரம்பு நெரிவிலும் அப்படியே: நரம்பின்மேல் பாலம்போல் கிடக்கும் இணையத்தை வெட்டிவிட, நரம்பு மூச்சுவிடுகிறது.

இரண்டிலும் வெட்டப்படுவது நரம்பல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். நரம்பை நெரிப்பது எதுவோ அது விலக்கப்படுகிறது. நரம்பை அறுத்த முறைகள் பெரும்பாலும் ஏமாற்றின. நரம்பை விடுவித்த முறைகள் பெரும்பாலும் நிலைத்தன. கயிறு–மணிப் படத்துக்கு எதிரான மிகப்பெரிய சாட்சி இதுதான்.

இதை இன்னும் ஒரு படி நீட்டலாம். மணிக்கட்டை நெரிப்பது இணையம் மட்டுந்தானா? பிரெஞ்சுத் தொழில்நோய்ப் பட்டியலின் 57ஆம் அட்டவணையில் மணிக்கட்டு நரம்பு நெரிவு இருக்கிறது. மணிக்கட்டைத் திரும்பத்திரும்ப மடக்கி நிமிர்த்தும் வேலையால் அது வரும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. சத்திரசிகிச்சை முடித்துவந்து அதே பட்டியில் அதே வேகத்தில் நிற்கும் பெண்ணின் நரம்பை நெரிப்பது எது என்று எந்த ஊசியும் கேட்காது. அந்த அட்டவணை இருப்பதே தெரியாமல், சுகவீன லீவில் தம் கையை வெட்டக் கொடுத்துவிட்டுத் திரும்பும் எம்மவர் எத்தனை பேர்? இதை எடுத்துச்சொல்ல எம் சங்கங்களில் ஒருவருக்கும் நேரமில்லை.

7

எங்களைப் போன்ற 'எழுதுபவர்கள்' மீதும் ஒரு விமர்சனம் உண்டு. உடலைப் பற்றி நாம் எழுதாத பக்கமில்லை. உடல் ஒரு பிரதி என்றோம். சித்திரவதை என்பது அதிகாரம் உடலில் எழுதும் எழுத்து என்றோம். நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் உள்ளங்காலில் அடிவாங்கியவருக்கு இருபது வருடங்களின் பின் கால் எரிந்தால் அதை எந்தச் சொல்லால் வைத்தியரிடம் சொல்வது என்ற சாதாரணமான வேலையை நாம் செய்யவில்லை. பிரதியை வாசிக்கத் தெரிந்த எங்களுக்கு அதை மொழிபெயர்க்கத் தெரியவில்லை.

இது இலக்கியப் பிரச்சினையல்ல. நரம்புக் காயத்தால் வரும் நோவைப் பிரித்தறிய 2005இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு வினாக்கொத்து இங்கு பரவலாகப் பாவிக்கப்படுகிறது. பத்து அம்சங்கள், அவற்றில் ஏழு முழுக்க முழுக்கச் சொற்கள்: எரிவு, நோகும் குளிர், மின்சாரம் அடித்தல், ஊருதல், ஊசி குத்துதல், விறைப்பு, கடி. மிகுதி மூன்றும் தொட்டும் குத்தியும் வருடியும் பார்ப்பவை. நான்கோ அதற்குமேலோ 'ஆம்' என்றால் நரம்பு நோவாக இருக்கக்கூடும். என் சகதொழிலாளி ஒரே மூச்சில் அவற்றில் மூன்றைச் சொல்லியிருந்தார். போர்வை பட்டால் உயிர் போகும் என்றது நான்காவது. நான் அவற்றை 'மல்' ஆக்கி அவருக்கு முதுகில் ஓர் ஊசியை வாங்கிக்கொடுத்தேன்.

தமிழில் நோவுக்குச் சொற்பஞ்சம் இல்லை. உளைவு, கடுப்பு, குத்து, எரிவு, விறைப்பு, ஊரல், சுண்டி இழுத்தல், விண்விண் என்று தெறித்தல்: ஒவ்வொன்றும் வேறு. எந்தப் பாட்டியும் இவற்றைக் குழப்பமாட்டாள். குழப்பியவர்கள் மொழிபெயர்க்கப் போன நாங்களும், பாடசாலையை விட்டுவிட்டுத் தாயோடு வைத்தியரிடம் போகும் எங்கள் பிள்ளைகளும். பிள்ளையைக் குற்றஞ்சொல்லமுடியாது.

8

மூன்று மாதங்களின் பின் திரும்பவும் போனோம். இம்முறை அவர் சொன்ன சொற்களை முதல்நாளே அவரோடு இருந்து தமிழில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பிரெஞ்சுச் சொல் தேடி எடுத்துப் போனேன். ஷெல் காயத்தின் இடம், வருடம் எல்லாம். அதே வைத்தியர்தான். தாளை வாசித்துவிட்டுத் தொடையில் தழும்பைத் தேடினார். பிறகு பாதத்தை ஒரு தூரிகையால் மெல்ல வருடினார். அவர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். வைத்தியர் என்னைப் பார்த்து, இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

இப்போது மாத்திரைகளோடு, வைத்தியசாலையில் வைத்து ஒட்டும் ஒரு பிளாஸ்ரர். அதிலுள்ள மருந்து மிளகாயின் உறைப்புச் சத்து, 8 வீதம். பாதத்தில் 30 நிமிடம். நோவை உணரும் நரம்பு நுனிகளை அது அளவுக்குமீறி உசுப்பி, சில மாதங்களுக்கு அவற்றைப் பின்வாங்கச் செய்கிறது. அந்த உறைப்பை உணரும் வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. எல்லோருக்கும் இது கேட்பதில்லை. இவருக்குக் கொஞ்சம் கேட்டிருக்கிறது. எரிவு போகவில்லை. ஆனால் சில இரவுகளில் போர்வை போர்க்கமுடிகிறது என்கிறார். துவாய் இன்னும் அவரது பையில் இருக்கிறது.

தொழிற்சாலையில் நடிப்பு என்ற கதை இன்னும் ஓயவில்லை. பிளாஸ்ரர் போட்டும் முழுக்க மாறவில்லையாம் என்பதே இப்போதைய ஆதாரம். ஊசிக்குப் பதிலாகப் பிளாஸ்ரர், தர்க்கம் அதேதான்.

இக்குறிப்புகளை வாசிக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்தமுறை யாருக்காவது மொழிபெயர்க்கப் போகும்போது, 'நோகுதாம்' என்று சொல்லிவிட்டு வரவேண்டாம். எப்படி நோகிறது என்று கேளுங்கள். பட்ட காயத்தையும் செய்யும் வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். இத்தனை வருடங்களாக உடலைப் பற்றி எழுதியவர்கள் இதையாவது செய்யலாம்.